நடுவில் புலி, ஓரத்தில் நாங்கள்

காஞ்சிபுரத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் சுவரோடு ஒட்டிவிட்டு, புலியை நடுவில் வைத்துக் கல்யாணப் படம் பிடித்த ஒரே மனிதர் எங்கள் புலி ஸ்டூடியோக்காரர்தான். அவருக்கு வேறு பெயரும் இருந்திருக்கும். யார் கேட்டார்கள்?

அறுபதுகளில் தேரடிப் பக்கம் அவருடைய ஸ்டூடியோ. ஏதோ ஜமீன் வீட்டிலிருந்து வந்த பாடம் செய்த புலிதான் அவர் பிழைப்பு. அதன் தலையில் காலை வைத்து, மரத் துப்பாக்கியோடு படம் எடுத்துக்கொள்ளாத இளவட்டம் ஊரில் கிடையாது. நானும் வைத்தவன்தான். அந்தக் காலை உடைக்க வேண்டும்.

ஒருநாள் கைக்குழந்தையைப் படம் எடுக்க வந்த நெசவுக்காரப் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்தாள். எதிரே புலியின் அடிவயிறு.

“அண்ணா, காம்பைப் பாருங்க. குட்டிக்குப் பால் குடுத்துக்கினு இருந்த புலிண்ணா இது!”

“அப்போ குட்டி?” என்றார். அவள் தன் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அன்று கடையைச் சாத்திவிட்டார்.

மறுநாள் துப்பாக்கி அடுப்புக்குப் போனது. பின்னால் தொங்கிய சீன் துணியில் இருந்த அரண்மனையை அழித்துவிட்டுக் காடு வரைந்தார்.

“ஒரு புலிக்கு இவ்ளோ காடாண்ணா?” என்றேன்.

“புலிய மட்டும் வெச்சிக்கினு இன்னாபா பண்றது? அதுக்கு மானு வேணும். மானுக்குப் புல்லு வேணும், தண்ணி வேணும். நாமதான் கொஞ்சம் தள்ளி நிக்கணும்.”

துணியோடு துணி தைத்து மூன்று சுவருக்கும் காட்டை இழுத்து, புலியை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஆள் நிற்க இடமில்லை. கேமரா வாசற்படிக்கு வந்தது. கறுப்புத் துணிக்குள் தலையும் தெருவில் உடம்புமாக அவர் நிற்க, மாடு வந்து முட்டும். ஜனங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் புது ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்கள்.

“பொழப்பு போவுதுண்ணா, புலிய ஓரமா வையுங்க” என்று கெஞ்சினேன்.

“ஓரத்துல மடக்கித்தான்பா அத சுட்டிருப்பானுங்க. நான் வேற வெக்கணுமா?”

அவருக்காகவே என் கல்யாணப் படத்தை அங்கே எடுத்தேன். வந்தது படம்! நடுவில் புலி, ஜம்மென்று. ஓரத்தில் நான் பாதி. என் மனைவிக்கு ஒரு தோள் இல்லை. மாமனார் குதித்தார்.

“எம் பொண்ணோட மீதி எங்கய்யா?”

“காட்டுக்கு வுட்டுக் குடுத்துட்டாங்க சாமி” என்றார் இவர், சாதுவாக.

அதுதான் அங்கே எடுத்த கடைசிப் படம். கடையைக் காலி செய்தபோது புலியைக் கேட்டு ஆள் வந்தது. அவர் கொடுக்கவில்லை. காடு வரைந்த துணியிலேயே அதைச் சுற்றி, மாட்டுவண்டியில் ஏற்றி, திருமுக்கூடல் ஆற்றங்கரையில் இருவருமாகப் புதைத்தோம்.

“நெஜ காடு ரொம்ப தூரம்பா. கையில இருந்ததத்தான் குடுக்க முடிஞ்சிது” என்று விம்மினார். எனக்கும் தாங்கவில்லை.

புலிகளுக்கென்று சர்க்கார் காடு ஒதுக்கிய செய்தி பேப்பரில் வந்தபோது, ஓடிப் போய்ப் படித்துக் காட்ட அவர் இல்லை.

கல்யாணப் படம் இன்னும் கூடத்தில் தொங்குகிறது. “நீங்க எங்க?” என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கென்னவோ, அந்த மனுஷனுக்காக நாங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.