பளபளப்பாகிவிட்ட ஸ்டீல் கடிகாரம் பற்றி மச்சானுக்கு

பெருமதிப்புக்குரிய மச்சான் ஒரேல் அவர்கள் சமூகத்துக்கு, லா ஷோ-தெ-ஃபோன் ஊரிலிருந்து நூமா தெரிவித்துக்கொள்வது. நானும் உங்கள் தங்கை யூகெத்தும் நலம். மார்ச் பிறந்தும் பனி சன்னல் உயரத்துக்கு நிற்கிறது. நீங்கள் போயிருக்கும் வெந்நீர் ஊற்றுக் குளியலில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருந்தாலும் அவசரப்பட வேண்டாம், இன்னும் ஒரு மாதம் இருந்து நிதானமாகவே வாருங்கள்.

விஷயம் வேறொன்றுமில்லை, நீங்கள் ஒப்படைத்துப் போன கைக்கடிகாரம்தான். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் என்னை நம்பி நீங்கள் ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவர், டாக்டராயிருந்த உங்கள் அப்பா கட்டிய கடிகாரத்தை என் உள்ளங்கையில் வைத்து, "மாப்ளை, மூணு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை, பழைய கடிகாரத்துக்கு மதிப்புப் போடுற பெசீர் வந்து பார்ப்பார், அதுவரைக்கும் உங்க பொறுப்பு" என்றீர்கள். அந்தப் பெருமையில் காபிக் கடையில் நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேர் என்றால் அன்றைக்கு இருந்தவர்கள் எல்லோரும்.

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால், மச்சான், உடம்பெல்லாம் கீறல். விளிம்பில் ஒரு பள்ளம். முப்பத்தெட்டு வருடம் ஃபேக்டரியில் கடிகாரக் கூடுகளுக்குப் பாலிஷ் போட்டவன் நான், கீறலைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பெரிய மனிதர் பார்க்க வருகிறாரே, இப்படியா காட்டுவது என்று நிலவறைக்குப் போய் மோட்டாரைப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். பள்ளம் போச்சு, கீறல் போச்சு, ஓரமெல்லாம் வழவழவென்று உருண்டு, முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம் போல ஆகிவிட்டது. நீங்கள் கட்டிப்பிடிப்பீர்கள் என்றே நினைத்தேன், சத்தியமாக.

மறுநாள் காபிக் கடையில் காட்டினேன். டயல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்சேன் கையில் வாங்கினவன் அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டான். "அடப்பாவி நூமா, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்க? அந்தக் காலத்துல பணக்காரன்லாம் தங்கத்துலதான் வாங்கினான். ஸ்டீல்ல செஞ்சது ரொம்பக் கொஞ்சம். அதுலயும் பாலிஷ்காரன் கை படாதது கிடைக்குமான்னுதான் சேகரிக்கிறவங்க தவம் கிடக்கிறாங்க. அந்தக் கீறலுக்குத்தான்யா மதிப்பு. நீ அதைச் சுரண்டித் தரையில கொட்டிட்டு வந்து காட்டுற" என்றான்.

சரி, போன கீறலைத் திரும்பப் போட்டுவிடுவோம் என்று உளியை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது, மச்சான். எடுத்துத்தான் பழக்கம், போட்டுப் பழக்கமில்லை. "முப்பத்தெட்டு வருஷம் கீறலை எடுத்த கைக்கு ஒரு கீறல் போட வக்கில்லையா?" என்கிறாள் உங்கள் தங்கை. தானாக விழட்டும் என்று கையில் கட்டிக்கொண்டு விறகு பிளந்தேன், ஒன்றும் விழவில்லை, என் கட்டைவிரல் மட்டும் வீங்கியது. பாதையில் பனி தள்ளும்போது வார் கழன்று கடிகாரம் பனிக்குள் போய்விட்டது. நகராட்சிப் பனி வண்டி வருவதற்குள் நானும் யூகெத்தும் சமையலறைக் கரண்டிகளால் தோண்டி எடுத்தோம், அக்கம்பக்கமெல்லாம் சன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. கண்ணாடிக்குள் ஈரம் கோத்துக்கொண்டது. காயட்டும் என்று அடுப்பு மேலே வைத்தால், அவள் அது தெரியாமல் வெங்காய சூப்புக்கு அடுப்பைப் பற்றவைத்து, வார் சுருங்கி வற்றல் மிளகாய் ஆகிவிட்டது. டயல் பழுப்பேறிவிட்டது. பழுப்பேறினால் நல்லதுதான் என்கிறான் ஆர்சேன், ஆனால் வெங்காய சூப் வாசனை வந்தால் நல்லதா என்று அவனுக்கும் தெரியவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை. பெசீர் வருகிறார். மூன்று வாரமாக எனக்குத் தூக்கமில்லை. பொருள் போனதைவிட, ஒரே ஒரு தடவை நம்பினீர்களே, அதைக் காப்பாற்றத் தெரியவில்லையே என்றுதான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. என்னைத் திட்டுங்கள், மச்சான், பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். முழங்காலுக்கும் உங்களுக்கும் கடவுள் துணை இருக்கட்டும். வெந்நீரிலிருந்து ஏறியதும் குளிர்காற்றில் நிற்க வேண்டாம் என்று யூகெத் சொல்லச் சொன்னாள்.

தலை குனிந்த மாப்பிள்ளை,
நூமா

பின்குறிப்பு: வெள்ளி மாலை. கவரை ஒட்டுவதற்குள் பெசீர் வந்து போய்விட்டார். கடிகாரத்தை நான் கைக்குட்டையில் ஏந்திக் கொடுத்தேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. "இது சந்தையில வாங்கினது நூமா, யாரும் உங்ககிட்ட சொல்லலையா? அசல் மூணு வாரமா என் பெட்டகத்துல இருக்கு. நூமாகிட்ட கொடுத்தா ஊருக்கே தெரிஞ்சிடும், திருடன் வந்தாலும் அங்கதான் போவான்னு ஒரேல் சொன்னார். யாராச்சும் வந்தாங்களான்னு பார்த்துட்டு வரச் சொன்னார், அதான் வந்தேன்" என்றார். ஆகவே மேலே கேட்ட மன்னிப்புகளை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். திருடன் யாரும் வரவில்லை. நீங்களும் இப்போதைக்கு வர வேண்டாம்.