அபினிச் சொட்டும் ஏட்டையா முழங்காலும்

தென்காசி,
தாது வருஷம், ஆவணி மாதம்.

மதுரை மில் ஆபீசில் உத்தியோகம் பார்த்துவரும் மாப்பிள்ளை சுந்தரபாண்டி அவர்களுக்கு, மாமனார் சிவனணைந்தபெருமாள் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. உலகம்மன் கிருபையால் இவ்விடம் க்ஷேமம். இவ்விடம் என்பது நான் ஒருவன்தான் ஆகையால், க்ஷேமந்தானா என்று வேறு யாரையும் கேட்டு உறுதிசெய்துகொள்ள வழியில்லை. தங்கள் க்ஷேமத்துக்கும், மகள் குழல்வாய்மொழி, குழந்தைகள் க்ஷேமத்துக்கும் எழுதவும்.

தங்கள் கடிதம் வந்தது. நான் அபினி தின்பதாகவும், அதையும் தனியாகத் தின்னாமல் ஒரு ரிடையர்டு போலீஸ்காரரோடு பங்கு போட்டுத் தின்பதாகவும் இலத்தூரிலிருந்து தங்கள் பெரியம்மா வடிவாம்பாள் சொல்லியனுப்பியதாகவும், ஆகவே வெள்ளிக்கிழமை தாங்கள் நேரில் வந்து வீட்டைப் பூட்டி என்னை மதுரைக்கு அழைத்துப்போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யாராவது அழுத்தமாக ஒரு குற்றத்தைச் சொன்னால் இருக்குமோ என்று நானே நம்பிவிடுகிற சுபாவம் எனக்கு. சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலத்திலும் அப்படித்தான். எனவே கடிதத்தைப் படித்ததும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். அபினிக்காரன் முகம் எப்படி இருக்கும் என்று தெரியாததால் ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். தாங்களே முடிவு செய்யுங்கள்.

இந்த வருஷம் சாரலுக்குத் தாங்கள் யாரும் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை, மில்லில் லீவு கிடைத்திருக்காது. வருஷா வருஷம் குற்றாலத்துக்குப் பத்துப் பேரோடு போய்ப் பழகிய கால்கள் ஆனி பிறந்ததும் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. தனியாகப் போனேன். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு அருவிக்குப் போவது நம் ஊர் வழக்கம். எனக்கு முன்னால் ஆயிரம் பேர் அதையே செய்து, அந்த எண்ணெயெல்லாம் பாறையில் வழிந்து கிடக்கும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். மற்ற வருஷங்களில் யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் யோசிக்க அவசியப்படவில்லை. உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். நடு முதுகில் எலும்பு ஒன்று நசுங்கியிருக்கிறது என்று டாக்டர் ரஹ்மத் சொன்னார்.

வலி தாங்காமல் நான் கத்தியதைப் பார்த்துத்தான் அவர் அபினிச் சத்துக் கலந்த மருந்தை எழுதினார். வேளைக்குப் பத்துச் சொட்டு. "இதைக் கேட்டுக்கோங்க. வலி கூடுதுன்னு நீங்களா ஒரு சொட்டுக் கூட்டக் கூடாது. குடிச்சமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, குடிச்சாச்சுன்னே வச்சுக்கோங்க. கள்ளு, சாராயம், தூக்க மருந்து எதுவும் இதோட சேரக்கூடாது, மூச்சு ஒடுங்கிரும். பூட்டி வைங்க. உங்களுக்கு மருந்தா இருக்கறது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எமன்" என்றார். சந்தேகம் என்பது எனக்கு எந்நேரமும் உள்ளதாகையால், ஒவ்வொரு தடவை குடித்ததும் ஒரு புளியங்கொட்டையை இந்தக் கிண்ணத்திலிருந்து அந்தக் கிண்ணத்துக்கு மாற்றி வைத்தேன். மருந்து டிரங்குப் பெட்டியில். சாவி அரைஞாண் கயிற்றில்.

இனி எழுதுவது மாப்பிள்ளையிடம் எழுதக்கூடாத சங்கதி. விட்டுவிட்டால் டாக்டர் சொன்னதில் பாதி போய்விடும் என்பதால் எழுதுகிறேன், குழல்வாய்மொழிக்கு வாசித்துக் காட்டும்போது இந்த இடத்தைத் தாண்டிவிடவும். வயிறு கல்லாகிவிட்டது. "இந்த மருந்து வலியைக் கட்டும், வயித்தையும் சேத்துக் கட்டும். நிறையத் தண்ணி குடிங்க, பழம் தின்னுங்க, கேக்கலேன்னா விளக்கெண்ணெய்" என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்; கேட்கவில்லை, விளக்கெண்ணெய்தான். அடுத்தது மயக்கம். எழுந்து நின்றால் வீடு ஒரு பக்கமாகச் சாயும். காப்பி டம்ளரைப் பிடித்தபடி தூங்கிப்போய், விழித்துப் பார்த்தால் என் காப்பியை எறும்புகள் குடித்துக்கொண்டிருந்தன. மூக்கிலும் முதுகிலும் அரிப்பு. முதுகு சொறிய ஆளில்லாத வீட்டில் கதவு நிலைதான் துணை. மாடு மாதிரி அதில் உரசிக்கொண்டு நின்றேன். அரைத் தூக்கத்தில் அடுக்களையிலிருந்து யாரோ "சாப்பிட வாங்க" என்பது போல இருக்கும், நானும் "இந்தா வாரேன்" என்று பதில் சொல்லிவிடுவேன். தங்கள் மாமியார் காலமாகி ஆறு வருஷமாகிறது. டாக்டரிடம் மற்ற எல்லாவற்றையும் சொன்னேன், இதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஏதாவது மாற்று மருந்து கொடுத்துவிடுவார் என்று பயம்.

இந்த நிலைமையில்தான் எதிர்வீட்டு நல்லக்கண்ணு ஏட்டையா வந்தார். ஹெட்கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சம்சாரமும் இல்லை, மகன் பட்டாளத்தில் இருக்கிறான். இத்தனை வருஷத்தில் அவரும் நானும் மழை வருமா வராதா என்பதற்கு மேல் பேசியதில்லை. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, வேட்டியை ஒதுக்கி முழங்காலைக் காட்டினார்.

"அண்ணாச்சி, இதைப் பாருங்க. நடந்தா கடக்கு கடக்குன்னு வண்டி அச்சு மாதிரி சத்தம் கேக்குது. உங்க மருந்துல ரெண்டு சொட்டு விடுங்களேன், குறைஞ்சா போயிரும்?"

"யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்."

"அவரு உங்களைத்தான சொன்னாரு? என்னைப் பாத்துச் சொல்லலையே!"

ஏட்டையா சாயங்காலமானால் கொஞ்சம் கள் சாப்பிடுகிறவர். டாக்டர் சொன்ன மூச்சு ஒடுங்குவது என் கண்முன் வந்து நின்றது. முடியாது என்றேன். "போலீஸ்காரனுக்கே இல்லைங்கியளா?" என்று எழுந்து போய்விட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன் மாப்பிள்ளை, முதுகு வலியைவிட அந்தக் காலி நாற்காலியைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. பெட்டியைத் திறந்து, புட்டியைக் கையில் எடுத்து, இரண்டே சொட்டுத்தானே என்றுகூட நினைத்துவிட்டேன். அப்படி நினைத்த பயத்தில் பெட்டியைப் பூட்டி, சாவியில் இன்னொரு முடிச்சும் போட்டேன்.

பிறகு கருப்பட்டியைக் கரைத்தேன். மருந்தின் நிறம் வந்தது, ஆனால் தித்தித்தது. தித்திக்கிற மருந்தை யார் நம்புவார்கள்? நிலவேம்பைக் கொதிக்கவைத்து அதில் சேர்த்தேன். பழைய இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி வைத்துக்கொண்டு, ஏட்டையா தெருவில் போகையில் கூப்பிட்டேன். வாயைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டார். நாலு சொட்டு விட்டேன். "ஆகா, இறங்குது அண்ணாச்சி, இறங்குது!" என்றார். அன்றிலிருந்து தினமும் வருகிறார். சொட்டு இறங்க ஒரு நிமிஷம், அதற்குப் பிறகு சுரண்டைச் சந்தையில் ஆட்டுத் திருடனைப் பிடித்த கதை இரண்டு மணி நேரம். ஒவ்வொரு தடவையும் திருடனுக்கு ஒரு ஆடு கூடுகிறது. தங்கள் பெரியம்மா பூசணிக்காயோடு என்னைப் பார்க்க வந்தபோது நான் ஏட்டையாவின் திறந்த வாயில் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். வாசலோடு திரும்பிவிட்டார்கள். பூசணிக்காயும் திரும்பிவிட்டது.

இப்போது வலி குறைந்துவிட்டது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும் என்று டாக்டர் கொஞ்சங் கொஞ்சமாகக் குறைத்து, இன்றோடு நிறுத்திவிட்டார். மீதி மருந்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். மருந்தில்லாத வீட்டுக்கு ஏட்டையா எதற்கு வருவார்? உண்மையைச் சொன்னால் ஏமாற்றினாய் என்று ஏசுவார். இரண்டில் எதையும் தாங்கும் தைரியம் எனக்கில்லை. ஆகவே வெள்ளிக்கிழமை தாங்கள் அவசியம் வரவும். மறுப்புச் சொல்லாமல் புறப்பட்டு வருகிறேன்.

பேரக்குழந்தைகள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லவும். அனைவரும் நோயில்லாமலும், இருந்தால் நல்ல டாக்டரோடும், நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
சிவனணைந்தபெருமாள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகையில் ஏட்டையா வந்துவிட்டார். மதுரைக்குப் போகிறேன் என்று சொல்லி, உண்மையையும் சொன்னேன். அண்ணாச்சி என்ற மரியாதை அத்தோடு போயிற்று.

"ஏன்வே, கருப்பட்டி ருசி தெரியாதவன் திருநெல்வேலி ஜில்லாவுல உண்டாவே? அதுல நிலவேம்பைப் போட்டுக் கெடுத்த பாவி நீருதான்!"

"தெரிந்துமா தினமும் வந்தீர்கள்?"

"பின்ன? சும்மா வந்தேன்னு எப்படிவே ஒரு வீட்டுக்குள்ள வாரது? மனுசனுக்கு ஒரு முழங்காலாவது வேண்டாமா?"

எனவே வெள்ளிக்கிழமை குழல்வாய்மொழியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு விருந்தாக வரவும். என்னை அழைத்துப்போக வேண்டாம். இதை எழுதும்போது ஏட்டையா எதிரில்தான் இருக்கிறார். இப்போதுதான் காலை நீட்டி, "மறுபடியும் லேசா வலிக்காப்புல இருக்குவே, நிலவேம்பு வேண்டாம்" என்கிறார். கருப்பட்டி கரைக்க எழுந்திருக்கிறேன்.