ராத்திரிச் சத்தம்

“பகல் சத்தம் வேற, ராத்திரிச் சத்தம் வேற. அது தெரியும்லா ஒனக்கு?” என்றது போன்.

வேல்விழிக்குத் தெரியும். மொட்டை மாடியில் நிற்கிற செல்போன் டவருக்காகக் கம்பெனிக்காரர்கள் தந்த ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. பகலில் இவ்வளவு சத்தம் வரலாம், ராத்திரியில் இவ்வளவுதான் வரலாம், அக்கம்பக்கத்தில் புகார் எழுந்தால் டவரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளக் கம்பெனிக்கு உரிமை உண்டு. எல்லாம் இங்கிலீஷ். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தது பதினேழு வயது வேல்விழிக்கு மட்டும்தான். முழுவதையும் படித்துவிட்டு அப்பாவுக்கு அவள் தமிழில் சொன்னது: “ஒண்ணும் இல்லப்பா, கையெழுத்துப் போடுங்க.”

“யாரு பேசுதீங்க?” என்றாள்.

“புளியறைல இருந்து பீர் மைதீன். போன வாரம் ஒங்க வீட்டுல புது ஜெனரேட்டர் எறக்குனாங்கல்லா, அந்தச் சத்தம் விஷயமாத்தான். கம்பெனிக்காரன்கிட்ட கேட்டா, வீட்டுக்காரங்ககிட்ட பேசுங்கன்னு இந்த நம்பரத் தந்தான்.”

“சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்கா?”

“ஜாஸ்தி கம்மியெல்லாம் மொதல்லயே பேசி முடிச்சிருக்கணும். பேசாம எறக்கினது தப்பு. எறக்கினது ராத்திரி. அப்ப ராத்திரிச் சத்தம்தான் கணக்கு.”

ஜெனரேட்டர் வந்தது ராத்திரியில் என்பதே வேல்விழிக்குக் காலையில்தான் தெரிந்தது. அவள் உறங்கினால் பக்கத்தில் பாறையை உருட்டினாலும் தெரியாது.

“நீங்க இந்தச் சத்தம்லாம் பாக்குறவங்களா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“முப்பது வருஷமா இந்தச் சத்தத்துலதாம்மா எங்க வீட்டுல சோறு பொங்குது. சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லு. நான் விட மாட்டேன், பாத்துக்க.”

போன் வைக்கப்பட்டது.

முப்பது வருஷம். பகல் கணக்கு, ராத்திரிக் கணக்கு. சந்தேகமே இல்லை. சத்தத்தை அளக்கிற அரசாங்க ஆபீசர்.

வேல்விழி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். டவர் வாடகை வந்தால் பாளையங்கோட்டையில் நர்சிங் காலேஜ், ஹாஸ்டல். டவர் போனால் ஆலங்குளத்தில் அத்தையின் ஃபேன்சி ஸ்டோரில் வளையல் அடுக்க வேண்டும். அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார். அத்தை அதற்குள் ஒரு ஸ்டூலே வாங்கிப் போட்டுவிட்டாள்.

சீசன் என்பதால் அப்பா பிச்சையாவும் அம்மாவும் விடிவதற்கு முன்பே ஐந்தருவிக்கு ரம்புட்டான் விற்கப் போய்விடுவார்கள். இலஞ்சி வீட்டில் அவள் மட்டும்தான். இன்றைக்குப் பார்த்துப் பராமரிப்புக்காக நாள் முழுக்கக் கரண்ட் கிடையாது. டவரின் பழைய பேட்டரி செத்துப்போய் மாசமாகிறது. அதனால் காலையிலிருந்து கொல்லைப்புறத்தில் ஜெனரேட்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நேற்றுவரை அது அவள் காதில் விழுந்ததே இல்லை. இப்போது அது அவளுடைய தலைக்குள்ளேயே ஓடியது.

முதலில் டவர் மெக்கானிக் ஆசிப்புக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, ஜெனரேட்டர் சத்தத்தக் கொறைக்கணும். எப்படி?”

“அது சத்தமே இல்லாத மாடல்லா? அதப் போயி என்னத்தக் கொறைக்க?”

“ஆபீசர் புகார் சொல்லுதாருண்ணே.”

“எந்த ஆபீசர்? இரு... ஏ, ச்சீ! போ! விடுலே!”

“அண்ணே?”

“ஒன்னய இல்ல. குத்தாலம் டவர்ல ஒரு குரங்கு வயரப் புடிச்சுத் தொங்குது. பெறகு பேசுதேன்.”

பிறகு அவன் பேசவே இல்லை. அடுத்து அப்பா.

“அப்பா!”

“ஆங்? யாரு?” அவருக்குப் பின்னால் ஐந்தருவியும் அதில் குளிக்கிற கூட்டமும் சேர்ந்து இரைந்தன.

“சத்தம்பா! சத்தம்!”

“கேக்கலட்டி! சத்தமாச் சொல்லு!”

“சத்தம்தான்பா பிரச்சினை! ஜெனரேட்டர் சத்தம்! ஒருத்தர் போன் பண்ணுதாரு!”

“சத்தமா? அது கம்பெனி பாடுட்டி! நீ போயி அதுல தலையிடா...”

மிச்சத்தை அருவி எடுத்துக்கொண்டது. மறுபடி கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை.

தலையிடாதே என்றாரா? தலையிடாமல் இருந்துவிடாதே என்றாரா? அப்பாவின் குணத்துக்கு முதலாவது சரியாக இருந்தது. வேல்விழியின் பயத்துக்கு இரண்டாவது சரியாக இருந்தது. பயம் ஜெயித்தது.

டீசல் ஊற்றுவதற்காக ஜெனரேட்டர் சாவி ஒன்று அடுப்படி ஆணியில் தொங்கும். அதை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வீட்டில் இருந்த இரண்டு மெத்தை, நான்கு சாக்கு, கல்யாண வீடுகளுக்கு இரவல் போய்வருகிற ஜமக்காளம் எல்லாவற்றையும் இழுத்துவந்து போர்த்திக் கயிறு கட்டினாள். ஜுரம் வந்த மனுஷன் மாதிரி ஜெனரேட்டர் போர்வைக்குள் கிடந்து முனகியது. சத்தம் பாதியாகக் குறைந்தது.

உடனே மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டது.

“ஏட்டி வேல்விழி!” தையல் மிஷினை விட்டு எழுந்துவந்த சங்கரேஸ்வரி அக்கா மதில்மேல் தலையை நீட்டினாள். கழுத்தில் இஞ்சு டேப், இடுப்பில் பிள்ளை. “ஜெனரேட்டர என்னட்டி பண்ணுன?”

“சத்தத்தக் கொறச்சேங்க்கா. ஒங்களுக்கும் தொந்தரவா இருக்கும்லா?”

“தொந்தரவா? அந்தச் சத்தத்துலதான எம்பிள்ள ஒறங்குதான்! பொறந்ததுல இருந்து தாலாட்டுப் பாடி எனக்குத் தொண்டை கட்டுனதுதான் மிச்சம். இது வந்த பெறகுதான் நாலு ஜாக்கெட்டாவது தச்சேன். கொறைக்காளாம்லா கொறைக்க! யாரு கேட்டா?”

“புளியறைல இருந்து ஒரு ஆபீசர்க்கா.”

“புளியறைக்காரனுக்கு எலஞ்சிப் பிள்ளை ஒறங்குனா என்னட்டி?”

வேல்விழி வீட்டுக்குள் ஓடினாள். ஆபீசரிடமே நல்ல சேதியைச் சொல்லி முடித்துவிடலாம் என்று போன் போட்டாள்.

“சார், சத்தத்தப் பாதியாக் கொறச்சாச்சு!”



“பாதியாவா?”

“ஆமா சார். இன்னொரு மெத்தை கெடச்சா இன்னுங்கூடக் கொறைக்கலாம்.”

“மெத்தையா? ஏம்மா, யாரக் கேட்டுக் கொறச்ச? பாதிச் சத்தத்துக்கு ஒத்துக்கிடுத ஆளு நான் இல்ல. சார் சார்னு கூப்பிட்டாக் கொறச்சிரலாம்னு நெனப்போ?”

“அப்ப கொறைக்கக் கூடாதா சார்?”

“கூடவே கூடாது! முழுச் சத்தமும் வேணும்.”

“முழுசாவா?”

“பின்ன? புளியறை எங்கன இருக்கு, எலஞ்சி எங்கன இருக்கு? அம்புட்டு தூரத்துக்கு நீ சொல்லுத சத்தம் காணுமா? மனசத் தொட்டுச் சொல்லு.”

வேல்விழி மனசைத் தொட்டு யோசித்தாள். இலஞ்சிக் கொல்லையில் ஓடுகிற ஜெனரேட்டர் செங்கோட்டையைத் தாண்டி, புளியறை செக்போஸ்ட்டில் கேட்க வேண்டுமென்றால்...

“காணாது சார், பத்தவே பத்தாது.”

“அப்படிச் சொல்லு! நியாயமான பிள்ள.”

போனை வைத்த பிறகும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புகார் சொல்கிறவர் எதற்குக் கூடுதலாகக் கேட்கிறார்? ரொம்ப நேரம் யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தாள். வாயை நல்லாத் திற என்று டாக்டர் சொல்வதில்லையா? அந்த மாதிரி. முழுச் சத்தமும் வந்தால்தான் அளக்க வசதி.

அதற்குள் கருகல் வாடை வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஜமக்காளத்தின் ஒரு மூலை பழுத்த வாழையிலை நிறத்துக்கு வந்திருந்தது. கயிற்றை அறுத்து எல்லாவற்றையும் இழுத்துப் போட்டாள். ஆபீசர் சொன்னபடி ஜெனரேட்டர் பெட்டியின் கதவுகளை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவைத்தாள்.

சத்தத்தை உள்ளே பிடித்துவைத்திருந்ததே அந்தக் கதவுகள்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அலமாரியில் அம்மாவின் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடு ஒன்று சண்டை பிடித்தன. தெருவில் படுத்திருந்த நாய் எழுந்து தென்காசிப் பக்கம் நடந்தது. முனையில் இருந்த மெஸ்ஸில் மோர் கேட்டவருக்கு ஊறுகாய் வந்தது, ஊறுகாய் கேட்டவருக்கு இலையை எடுத்துவிட்டார்கள். சங்கரேஸ்வரி அக்காவின் பிள்ளை மட்டும் வாயில் எச்சில் வழியச் சொர்க்கத்தில் இருந்தான்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. முன்னால் மெஸ்காரர் குற்றாலநாதன், கையில் கரண்டியோடு.

“ஏ பிள்ள! என்ன இது?”

“முழுச் சத்தம் பெரியப்பா!”

“என்னது?”

“ஆபீசர் கேட்டாரு!”

“யாரு செத்தா?”

அவருக்குப் பதில் சொல்லாமல் வேல்விழி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறுகாதில் போனை வைத்துக் கத்தினாள். “சார்! முழுச் சத்தமும் ரெடி!”

“ரெடியா? இப்பப் பேசுதியே, இதுதான் பேச்சு! இரு, நேர்ல வாரேன். நான் வாரப்ப முழுசா இருக்கணும். கொறஞ்சுதோ, பெறகு நல்லா இருக்காது. வண்டிய எடுத்துட்டேன்!”

வண்டி. வேல்விழிக்கு அது கண்முன்னால் தெரிந்தது. வெள்ளை ஜீப், உள்ளே சத்தமானி, பக்கத்தில் நோட்டோடு ஒரு கிளார்க். வந்து அளப்பார். தெருவே சாட்சி சொல்லும். குற்றாலநாதன் கரண்டியோடு சாட்சி சொல்வார். ஆலங்குளம் ஸ்டூலில் அவள் உட்கார்ந்து, “பத்து ரூவா அக்கா, கொறைக்க முடியாது” என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவர் தந்திரம் இப்போது புரிந்தது. முழுச் சத்தம் வைக்கச் சொன்னதே மாட்டிவிடுவதற்குத்தான்!

“அமத்துட்டி அத!” என்று தெரு கத்தியது.

அதுதான் சரி. சத்தமே இல்லையென்றால் எதை அளப்பார்? ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

பக்கத்து வீட்டு ஓட்டின்மேல் சாரல் விழுவதுகூடக் கேட்டது. தெரு பெருமூச்சு விட்டது. “இதுதாம்மா நல்ல பிள்ளைக்கு அழகு” என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

அந்த நல்ல பெயர் ஒரு காப்பி ஆறுகிற நேரம் நின்றது.

முதலில் திரும்பி வந்தவர் குற்றாலநாதன். “ஏ பிள்ள, சாப்பிட்டவன்லாம் போன நீட்டிக்கிட்டு நிக்கான். சுத்துது சுத்துதுங்கான். துட்டு மட்டும் வரல.”

அடுத்தது மதிலுக்கு மேலே சங்கரேஸ்வரி அக்கா. பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தான். “ஏட்டி! துபாய்ல இருந்து பிள்ளையப் பாத்துக்கிட்டு இருந்த எங்க வீட்டுக்காரர், தெறந்த வாய மூடாம அப்படியே நிக்காரு போன்ல! டவர் எங்கட்டி போச்சு?”

டவர் எங்கும் போகவில்லை. மாடியில் நின்றது. ஆனால் ஜெனரேட்டர் இல்லாமல் அது வெறும் இரும்பு.

வேல்விழி சாவியைத் திருகினாள். ஜெனரேட்டர் ஒரு தடவை செருமியது. இன்னொரு தடவை திருகினாள். அதுவும் இல்லை. ஆசிப்பைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. டவரைச் சரிசெய்கிற ஆளைக் கூப்பிட டவர் வேண்டியிருந்தது.

“ஆபீசர் போனப்புறம் ஆசிப் அண்ணனத் தேடி நானே குத்தாலம் போறேன்” என்றாள் அழாத குறையாக. “அதுவரைக்கும் ஒரே ஒரு ஒத்தாசை. வாரவரு கேட்டா, சத்தம் கெடையாதுன்னு மட்டும் சொல்லிருங்க. இல்லேன்னா டவரத் தூக்கிருவாங்க.”

டவரைத் தூக்கிவிடுவார்கள் என்றதும் தெரு தலையாட்டியது.

ஹாரன் கேட்டது. வந்தது ஜீப் இல்லை. சாரலில் நனைந்த ஒரு மினி லாரி. அதிலிருந்து மடித்துக் கட்டிய கைலியும் தலையில் துண்டுமாக ஒருவர் இறங்கினார். பின்னால் இரண்டு தடியான ஆட்கள் குதித்தார்கள். ஆபீசர்கள் இப்படி மாறுவேஷத்தில் வருவார்கள் என்று வேல்விழி கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் இன்றைக்கு நடப்பது எதையுமே அவள் கேள்விப்பட்டதில்லை.

“நீதான் போன்ல பேசுன பிள்ளையா?” என்றார் பீர் மைதீன். “செங்கோட்டையத் தாண்டுனதுல இருந்து போன் போடுதேன், போகவே மாட்டேங்கு. சரி, சத்தம் எங்க?”

வேல்விழி நிமிர்ந்து நின்றாள்.

“சத்தமே கெடையாது சார்.”

“கெடையாதா?”

“ஒரு பொட்டு கெடையாது. பகல் சத்தமும் கெடையாது, ராத்திரிச் சத்தமும் கெடையாது. இனிமேலும் கெடையாது.”

“முழுசா ரெடின்னு சொன்னியேம்மா!”

“அது அப்ப. வேணும்னா தெருவுல கேட்டுப் பாருங்க.”

அவர் தெருவைப் பார்த்தார். தெரு ஒரே குரலில் சொன்னது: “கெடையாதுய்யா!”

பீர் மைதீன் ஜெனரேட்டரைப் பார்த்தார். வேல்விழியைப் பார்த்தார். தலையில் இருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, லாரிப் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களாலே நியாயத்த? புளியறைல இருந்து ராவோட ராவா இந்த ஜெனரேட்டர ஏத்திட்டு வந்தவனுக்கு வண்டிச் சத்தமே கெடையாதாம், வண்டி வாடகையே வரலன்னா பெறகு எங்க ஒங்களுக்கு ஏத்துகூலியும் எறக்குகூலியும்! எடுங்கலே கயித்த, சாமானத் திரும்ப லாரில ஏத்துங்க!”