ஐம்பத்தேழு பேருக்கும் சேர்த்து ஒரு முங்கு

ஆனையூர், மதுரை
10-2-85, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை தவசிக்கு,

மாலத்தீவில் ஓட்டல் ஸ்டோரைக் கட்டி மேய்க்கும் உனக்கு, உன் அக்காவைக் கட்டியவன் என்ற முறையில் மச்சான் வெள்ளைத்துரையின் ஆசிகள். இவ்விடம் எல்லோரும் நலம் என்று எழுத வேண்டியது முறை. நலத்துக்கு ஒரு குறையும் இல்லை, நலமாக இருப்பதால்தான் இம்புட்டுச் சத்தம் போடுகிறார்கள். நீ தினமும் மீனையே தின்று உடம்பைச் சூடாக்கிக்கொள்ளாமல் வாரம் ஒரு நாளாவது எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும்.

நிற்க. கார்த்திகையில் நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். உங்கள் ஓட்டலில் வேலை பார்ப்பவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை உறவுக்காரர் ஒருவரை, ஒரே ஒருவரை, நான்கு நாள் தீவுக்கு அழைத்துத் தங்கவைக்கும் சலுகை உண்டு என்றும், அங்கே ஒரு ஜெர்மன்காரர் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி வாயில் குழாயைக் கொடுத்துக் கடலுக்குள் நாற்பது நிமிஷம் கூட்டிப்போவார் என்றும், அதற்கு ஸ்கூபா என்று பெயர் என்றும், ஆள் யார் என்பதை மாசிக்குள் எழுதிப்போட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். கலர் மீன்களைப் பற்றி இரண்டு பக்கம். எனக்கு மனதில் ஒட்டியது ஒரு வரிதான். அதை அப்படியே எழுத வேண்டுமென்று இப்போது உன் அக்கா முத்துத்தாயைக் கூப்பிட்டு உன் கடிதத்தைப் பீரோவிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். இதோ: 'தண்ணிக்குள்ள யாரும் பேச முடியாது மச்சான், எல்லாம் கைச்சாடைதேன். மேல இருந்து யாரு கூப்பிட்டாலும் கேக்காது.'

மாப்ள, எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்திரண்டு வயதில் அப்பா போய்ச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் கூப்பிடாத நாற்பது நிமிஷம் எனக்கு வாய்த்ததில்லை. தல்லாகுளம் ஆபீசில் ஹெட்கிளார்க் நாற்காலியில் உட்கார்ந்தால் பெரியவர் மணி அடிக்கிறார், வீட்டுக்கு வந்தால் ராக்கம்மாள் அக்கா தலைவலியிலிருந்து தபால்காரன் வரை எல்லாவற்றுக்கும் 'தம்பி, தம்பி' என்கிறது, பிள்ளைகளுக்குச் சட்டைப் பொத்தான் அறுந்தாலும் அப்பாதான். உண்மையைச் சொல்கிறேன், உன் கலர் மீன்கள் எல்லாம் கறுப்பாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். அந்த நாற்பது நிமிஷத்தை நினைத்துக்கொண்டேதான் மூன்று மாதத்தைத் தள்ளினேன். பேனாவில் மை தீர்ந்துபோனது, முத்துத்தாயைக் கூப்பிட்டு மைப்புட்டி வாங்கி ஊற்றிக்கொண்டு தொடர்கிறேன்.

முதலில் பாஸ்போர்ட். பாரம் நிரப்பித் தருகிற ஆள், ஒரே அலைச்சலில் வீட்டம்மாவுக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள் என்றான். சரியென்று இரண்டு பேருக்கும் போட்டேன், தையில் இரண்டும் வந்துவிட்டன. இந்தக் கதையில் ஒழுங்காக நடந்தது அது ஒன்றுதான். அடுத்து லீவு. காரணம் என்ற இடத்தில் பொய் எழுத எனக்குக் கை வராது. 'கடலில் மூழ்குவதற்காக நான்கு நாள் ஈட்டிய விடுப்பு' என்று எழுதிப் பெரியவர் மேஜையில் வைத்தேன். பத்து நிமிஷத்தில் செக்ஷன் முழுக்க என்னைச் சுற்றி நின்றது. ஒருத்தர் டீ வாங்கிக் கொடுத்தார். ஒருத்தர் பிள்ளைகள் முகத்தை நினைத்துப் பார்க்கச் சொன்னார். பெரியவரே எழுந்து வந்து, எதுவாக இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று தோளில் கை போட்டார். ஐந்தாம் நாள் காலை பணியில் சேருவேன் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறேனே என்று காட்டினேன். சாகப் போகிற நேரத்திலும் ஆபீஸ் நினைப்பா என்று, அந்த வரியைப் படித்த பிறகுதான் அவருக்குக் கண்ணே கலங்கியது. லீவு கிடைத்துவிட்டது, ஆனால் இன்றுவரை ஜன்னல் பக்கம் போனால் பியூன் கூடவே வருகிறான்.

அடுத்து பயிற்சி. எனக்கு நீச்சல் தெரியாது என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் உங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் நீயும் உன் அக்காவும் மேல்படியிலிருந்து குதித்து அடிமண் அள்ளிக்கொண்டு வந்தபோது, மேலே உட்கார்ந்து துண்டுகளைக் காவல் காத்தவன் நான். நீச்சல் வேண்டாம், ஜெர்மன்காரர் கையைப் பிடித்துக்கொள்வார், வாயால் மூச்சுவிடப் பழகினால் போதும் என்று எழுதியிருந்தாய். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வருகிற ஊரில் ஒரு வாளித் தண்ணீரை ஒதுக்கி, மூக்கில் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி, வாயில் ரப்பர் குழாயோடு முற்றத்தில் முகத்தை முக்கினேன். முத்துத்தாய் எண்ணினாள். பதினெட்டில் புரையேறியது. அவள் சிரித்த சிரிப்பில் அக்கா வெளியே வந்து பார்த்து, தம்பிக்கு யாரோ என்னவோ வைத்துவிட்டார்கள் என்று வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டது. வாளித் தண்ணீர் மறுநாள் துணி ஊறவைக்கப் பயன்பட்டது. இங்கே ஒரு காப்பிக்குக் குரல் கொடுத்துவிட்டு, குடித்துவிட்டு, மேலே எழுதுகிறேன்.

இவ்வளவும் தாங்கினேன் மாப்ள. அவனியாபுரத்துப் பெரியப்பா பேயாண்டி வந்தார், அதோடு முடிந்தது. கடலில் முங்கப் போகிறவன் என்று எவனோ சொல்லியிருக்கிறான். ராமேஸ்வரம் போகிறவனிடம் நம் சனங்கள் சொல்லியனுப்புவார்களே, 'என் பேருக்கும் ஒரு முங்கு போட்டுட்டு வாப்பா' என்று, அதுதான். அவர் ஒரு முங்கு கேட்டார், பெரியம்மாவுக்கு ஒன்று கேட்டார், பொங்கலுக்கு யார் கையிலும் பிடிபடாமல் ஓடிய தன் காளைக்கு ஒன்று கேட்டார். கேட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிட்டும் போனார். மறுநாளிலிருந்து ஆள் வருகிறார்கள். சரியான எண்ணிக்கை வேண்டுமே என்று முத்துத்தாயைக் கூப்பிட்டு அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐம்பத்தேழு பேர். அதில் பதினொரு பேர் உயிரோடு இல்லை. செக்கானூரணிக்காரரும் உசிலம்பட்டிக்காரரும் பத்து வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவர்கள், அவர்கள் பெயருக்கு அடுத்தடுத்து முங்கக் கூடாதாம். கடலில் விட்டுவரச் சொல்லி ஆளுக்கொரு பழைய துணி வேறு கொடுத்திருக்கிறார்கள், இரண்டு மூட்டை.

நான் கொஞ்சம் சாமர்த்தியமாக, நாற்பது நிமிஷம் உள்ளேயேதான் இருக்கப்போகிறேன், எல்லோர் பெயரையும் மனதுக்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை இதற்காக வீட்டில் ஒரு கூட்டமே நடந்தது. எம்புட்டு நேரம் இருந்தாலும் ஒரு தடவை உள்ளே போனால் ஒரு முங்குதான் என்று ஒரு கட்சி. நிமிஷத்துக்கு ஒன்று என்று கணக்கு வைக்கலாம், மிச்சம் பதினேழு பேர் அடுத்த வருஷம் என்று ஒரு கட்சி. பெரியப்பா கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

"மூச்ச அடக்கி முங்குனாத்தேன்டா முங்கு. வாயில குழாய வச்சுக்கிட்டு, வீட்டுல இருக்குற மாதிரி மூச்சு விட்டுக்கிட்டு கெடந்தா, அது முங்குல சேத்தி இல்ல."

ஆகவே நான் குழாயைப் பிடுங்கிவிட்டு ஐம்பத்தேழு முறை மேலே வந்து, ஐம்பத்தேழு பெயரை உரக்கச் சொல்லி, ஐம்பத்தேழு முறை மூழ்க வேண்டும். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், முத்துத்தாயைக் கூப்பிட்டுப் போய்ப் பார்க்கச் சொன்னேன். வேறு யார், ஐம்பத்தெட்டாவது.

யோசித்துப் பார்த்தேன். சத்தமில்லாத இடம் என்று கடலுக்கு அடியில் ஒன்று இருந்தது, அங்கேயும் சொந்தபந்தம் முழுக்க இறங்கிவிட்டது. அலுத்துவிட்டது மாப்ள. நான் வரவில்லை. சலுகையை உன்னோடு வேலை பார்க்கும் யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடு. உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ கூப்பிட்ட ஒரு கூப்பாடுதான் இத்தனை வருஷத்தில் என் காதுக்கு இனித்தது.

உனக்கு நல்ல இடத்தில் பெண் அமையவும், ஸ்டோர் சாவி தொலையாமல் இருக்கவும் இங்கே எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம். கடல் ஆண்டவனுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு,
உன் மச்சான்
வெள்ளைத்துரை

பி.கு.: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உறையை ஒட்டச் சோற்றுப் பருக்கை கொண்டுவரும்படி முத்துத்தாயைக் கூப்பிட்டேன். வந்தவள் பருக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கடிதம் முழுவதையும் படித்தாள். பிறகு, "கூப்பிட்டாலும் நெசமாவே கேக்காதா?" என்றாள். கேட்காது என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் பகல் பதினொரு மணிக்கு அவள் உட்கார்ந்து நான் பார்த்தது இன்றுதான்.

"இந்தக் கடுதாசி எழுதி முடிக்கங்குள்ள என்னைய ஆறு தடவ கூப்பிட்டுட்டீக," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் முதல் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். உன் கடிதத்திலிருந்து இந்தப் பருக்கை வரை சரியாக ஆறு. அக்கா கூப்பிட்டதும் பிள்ளைகள் கூப்பிட்டதும் அதில் சேரவில்லை.

ஆகையால் ஓட்டலில் உன் அக்கா பெயரைக் கொடு. வெ. முத்துத்தாய், வயது நாற்பத்தாறு. பாஸ்போர்ட் கையில் இருக்கிறது. திருவனந்தபுரம் வரை நானே கூட்டிவந்து விமானம் ஏற்றிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த நான்கு நாள் லீவில் வீட்டில் இருந்து சோறு பொங்குவேன், பெரியவர் என்னவோ நினைத்துக்கொள்ளட்டும். முங்குப் பட்டியலைக் கொடுத்து அனுப்பவா என்று கேட்டேன். மேஜையிலிருந்து அதை எடுத்துச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள், கொஞ்ச நேரத்தில் புகை வந்தது.

ஒன்றே ஒன்று. நாற்பது நிமிஷம் முடிந்து அவள் தண்ணீரிலிருந்து ஏறி வந்த பிறகும் கொஞ்ச நேரம் கரையில் உட்கார்ந்திருக்கட்டும். பாசத்தில் நீயும் அக்கா என்று கூப்பிட்டுவிடாதே.