ஐநூறு கிலோமீட்டருக்கு ஒரே கால்

நான்சி ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவள் புருஷன் ஆண்ட்ரூஸ் வாத்தியாருக்குச் சனி பிடித்தது அன்றைக்குத்தான். அவர் மூன்றாவது தடவைதான் தேறினார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. அதாவது, யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாளே நான்சி சாதாரணமாகச் சொன்னாள், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சிக்குக் காரைத் தான்தான் ஓட்டப்போவதாக. அவள் தம்பி ஜூடின் குழந்தைக்கு அங்கே மாதா கோயிலில் ஞானஸ்நானம். அவள் பிறந்த வீட்டு ஜனம் மொத்தமும் கோயில் வாசலில் நிற்கும். அந்த வாசலில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

வாத்தியாருக்கு அது ஒத்துவரவில்லை. காரணம் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு ஜூடின் காரை அவன் பெண்டாட்டி ஓட்டி வந்தாள், ஜூடு இடது பக்கக் கதவைத் திறந்து இறங்கினான். வாத்தியார் சும்மா இருந்திருக்கலாம். "என்னடா ஜூடு, கண்டக்டர் வேலை கெடச்சிருச்சா?" என்று இருபது பேர் முன்னால் கேட்டார். பிரியாணி சாப்பிடும்போது இரண்டு தடவை அவனிடம் டிக்கெட் வேறு கேட்டார். ஜூடும் சிரித்தான். மச்சான்மார் சிரிப்பார்கள், ஆனால் மறக்க மாட்டார்கள். இப்போது அதே இடது பக்கக் கதவில் இவர் இறங்கினால் கதை கந்தல்.

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தத் தைரியம் அவருக்குக் கல்யாணத்தன்று சாமியார் முன்னாலேயே போய்விட்டது. ஆகவே குறுக்குவழி தேடினார். வழியை பிரேக்கே காட்டியது.

ஒரு வாரமாகவே பிரேக் பிடித்தால் கரகரவென்று சத்தம். அரியலூர் ரோட்டில் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் போய்ப் போய் எந்தக் காருக்கும் வருகிற வியாதிதான். மெக்கானிக் கலையரசன் டயரின் இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, முன்சக்கரங்களோடு சுற்றுகிற இரும்புத் தட்டு, அந்த டிஸ்க் இரண்டும் தேய்ந்துபோச்சு, அதை அழுத்திப் பிடிக்கிற பேடோடு சேர்த்து மாற்றிவிடுங்கள் என்றான். வாத்தியார் அன்றைக்கே பெரம்பலூர் போய் சாமான் வாங்கி வந்தார். கலையரசனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் யூடியூபைச் சத்தமாக வைத்துப் படித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே வீட்டில் சட்டம் போட்டார்.

டிஸ்க்கைத் தானே மாற்றப்போவதாக முதலில் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "புது டிஸ்க்கு புது மாடு மாதிரி. ஒரே காலுக்குத்தான் பழகும். ஐநூறு கிலோமீட்டர் வரைக்கும் வேற ஆளு மிதிச்சா கோணிக்கும்."

இதில் பாதி உண்மை. புது டிஸ்க்கும் பேடும் ஒன்றுக்கொன்று படிகிறவரை கொஞ்ச தூரம் மெதுவாக பிரேக் பிடித்து ஓட்டத்தான் வேண்டும். ஒரே கால் என்பது வாத்தியாரின் சொந்தச் சரக்கு.

நான்சி அவரைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்ப மொத மொத யாரு மிதிக்கிறாங்களோ அவுங்கதான் ஐநூறும் ஓட்டணுமா?"

"அவுங்களேதான்."

"நடுவுல மாத்த முடியாதா?"

"முடியவே முடியாது. இது சயின்ஸு."

பேரன் ஞானஸ்நானத்துக்காக முன்கூட்டியே வந்திருந்த மாமியார் மதலேனம்மாள் தலையை ஆட்டினார். மாப்பிள்ளை படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார். நான்சியும் சரி என்று விட்டுவிட்டாள். அவள் இவ்வளவு சுளுவாக விட்டதற்கே வாத்தியார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவர் இரண்டாவது காபி கேட்டார்.

சனிக்கிழமை காலை வாசலில் வேலை தொடங்கியது. பின் டயருக்குக் கல் வைத்தார். ஜாக்கி போட்டார். சக்கரத்தைக் கழற்றினார். டிஸ்க்கைக் கவ்விப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றி, பிரேக் ஆயில் வருகிற ட்யூப் இழுபடாமல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். எல்லாம் வீடியோவில் உள்ளபடி. பழைய டிஸ்க் மட்டும் துருப்பிடித்து அசைய மறுத்தது. அரை மணி நேரம் சுத்தியலால் தட்டினார். தெருவே எட்டிப் பார்த்தது. கடைசியில் அது சட்டென்று கழன்று வந்தது, வாத்தியாரும் கூடவே உட்கார்ந்தார்.

புது டிஸ்க்கைப் பொருத்தியதும் மதலேனம்மாள் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தார். மாதா கோயிலில் மந்திரித்த எண்ணெய். அந்தக் குடும்பத்தில் எந்தப் புதுச் சாமானும் அந்த எண்ணெய் படாமல் புழக்கத்துக்கு வராது. மிக்ஸிக்குப் போட்டார்கள், தையல் மெஷினுக்குப் போட்டார்கள். மாமியாரின் ஓட்டு தன் பக்கம் இருக்கட்டும் என்று வாத்தியாரும் பயபக்தியோடு எண்ணெயை விரலில் தொட்டு, பளபளவென்று இருந்த டிஸ்க்கில் பெரிதாக ஒரு சிலுவை போட்டார்.

நான்சி வந்து பார்த்தாள். "ஏங்க, எட்டாம் வகுப்புக்கு உராய்வு நீங்கதான நடத்துறீங்க?"

வாத்தியார் கையில் இருந்த எண்ணெயைப் பார்த்தார்.

"பிரேக்கு புடிக்கிற எடத்துல எண்ணெயப் போட்டா வண்டி எங்க நிக்கும்? ஏலாக்குறிச்சியத் தாண்டிக் கொள்ளிடத்துலதான் நிக்கும்."

அவள் நர்ஸ். உள்ளே போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டுவந்து, ஊசி போடுகிற இடத்தைத் துடைப்பதுபோல டிஸ்க்கை இரண்டு பக்கமும் துடைத்தாள். புது டிஸ்க்கில் கம்பெனிக்காரன் பூசியிருக்கும் எண்ணெயைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டுமாம். இது எப்படித் தெரியும் என்றார் வாத்தியார். மூன்று நாளாக வீடியோ அடுப்படி வரைக்கும் கேட்டதே என்றாள். மாமியார் பாட்டிலைக் கார் கண்ணாடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

போன மானத்தை மீட்க வேண்டாமா? தேய்மானம் என்றால் என்னவென்று மாமியாருக்கு விளக்குவதற்காக வாத்தியார் பழைய டிஸ்க்கை ஒற்றைக் கையில் தூக்கினார். ஐந்து கிலோ இரும்பு, எண்ணெய்க் கை. நேராக வலது கால் பெருவிரலில் இறங்கியது.

அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய்விட்டது. நான்சி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அசைக்கச் சொன்னாள், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். பிறகு கட்டினாள். கட்டுக் கட்டுவதில் அவளை மிஞ்ச அந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. பஞ்சு வைத்து, துணி சுற்றி, மேலே இன்னொரு துணி சுற்றி முடித்தபோது காலின் முனையில் ஒரு தலையணை இருந்தது. காலை ஊன்றக் கூடாது என்று நாற்காலியில் உட்காரவைத்து ஸ்டூலில் தூக்கி வைத்தாள்.

"மிச்சத்த நான் பாக்குறேன். நீங்க சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டால் எந்த வாத்தியாரால் சும்மா இருக்க முடியும்? அவர் நாற்காலியில் இருந்தபடி பாடம் நடத்தினார். அவள் பேடை மாட்டினாள். கேலிப்பரைப் பூட்டினாள். அடுத்த பக்கத்து டிஸ்க்கையும் மாற்றினாள். சக்கரத்தின் நட்டுகளை எதிரெதிராக முடுக்கினாள். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, நல்ல மாணவியின் குரலில் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"ஏங்க, வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி எதாச்சும் செய்யணுமா?"

"அதான் முக்கியம். பெடலு மொதல்ல தொளதொளன்னு இருக்கும். கெட்டியாகற வரைக்கும் பிரேக்க நல்லா மிதி."

"மிதிச்சிரட்டுங்களா?"

"மிதி, மிதி. நல்லா மிதி."

மிதித்தாள். அஞ்சு தடவை மிதித்தாள். ஆறாவது மிதியில்தான் வாத்தியாருக்கு உறைத்தது. ஸ்டூலிலிருந்து காலை இறக்கப் பார்த்தார். அதற்குள் மதலேனம்மாள் பேசிவிட்டார். "மொதக் காலு ஒன்னுது வுழுந்துருச்சேடி. அப்ப ஐநூறும் நீதான் ஓட்டணும்."

"ஒங்க மாப்ள சொன்ன சயின்ஸும்மா, மீற முடியுமா?" என்றாள் நான்சி. கீழப்பழுவூர் வரைக்கும் போய், மெதுமெதுவாக பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு, பட்டாணிச் சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பினாள். கரகரப்பு இல்லை, வண்டி வெண்ணெயாக நிற்கிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளிப்பதற்காக வாத்தியார் கட்டைப் பிரித்தார். பிரித்தார், பிரித்தார், பிரித்துக்கொண்டே இருந்தார். உள்ளே பெருவிரலில் கொசு கடித்த அளவுக்கு ஒரு சிராய்ப்பு. வீக்கம்கூட இல்லை. துணிச்சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு நான்சி முன்னால் போய் நின்றார்.

"ஆமாங்க, சின்னக் காயந்தான்" என்றாள் அவள், சேலை மடிப்பைச் சரிசெய்தபடி. "வேணும்னா நீங்களே ஓட்டுங்க. ஒரே காலுங்கறது பொய்யின்னு அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வந்துருங்க."

மாமியார் வாசலில் குடையோடு தயாராக நின்றார். வாத்தியார் வாசலைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். கோயில் வாசலில் கைகட்டி நிற்கப்போகும் ஜூடை நினைத்தார். நல்ல காலோடு இடது பக்கம் இறங்கினால் என்ன கேட்பான் என்பதையும் நினைத்தார். பிறகு கட்டிலில் போய் உட்கார்ந்து, காலை நீட்டினார்.

"நான்சி, அந்தக் கட்ட திரும்பப் போட்டு வுடு. இந்தத் தடவ முட்டி வரைக்கும் போடு."