ரொட்டிக் காவலன்

தொப்... தொப்... என்று மரப்பலகையில் ரொட்டி மாவு விழுந்த அந்தச் சனிக்கிழமைச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என் பதவி பறிபோன சத்தம் அது.

யார்க்‌ஷயரில் எங்கள் சிற்றூரின் கிரிக்கெட் அம்பயர் நான். வீட்டில் நான் விரலை உயர்த்தினால் பூனைகூடத் திரும்பாது. மைதானத்தில் உயர்த்தினால், ஆறடிக் கொல்லன் ஹெட்லியே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறுவான். வாரம் முழுவதும் அந்த ஒரு விரலுக்காகவே உயிர் வாழ்ந்தேன்.

கடை ரொட்டி அலுத்துப்போயிருந்தது. மனைவி மேவிஸை மாவு பிசைய வைக்க, என் படிப்பை ஏவினேன்.

"மேவிஸ், லேடிங்கிற வார்த்தை எப்படி வந்துச்சு தெரியுமா? பழைய இங்கிலீஷ்ல ரொட்டி மாவு பிசையறவள்னு அர்த்தம்!"

"அப்படியா! அப்போ லார்டுன்னா?"

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். படித்தவனுக்கு அது வராது.

"ரொட்டியைக் காக்கிறவன்!"

"அழகா இருக்கே," என்றாள்.

அந்த மிதப்பில் பாதிரியாரிடமும் இதைச் சொல்லி, சனிக்கிழமை மாலை தேநீருக்கு, வீட்டு ரொட்டி சாப்பிட, அழைத்துவிட்டேன்.

அதே சனிக்கிழமைதான் பக்கத்து ஊருடன் இறுதி ஆட்டம். மேவிஸ் பிசைந்த மாவைக் கிண்ணத்தோடு என் கையில் கொடுத்தாள்.

"லேடி வேலை முடிஞ்சுது. இனி லார்டு வேலை. மாவு உப்பற வரைக்கும் காவல் இருங்க. அப்புறம் அடுப்புல வச்சு, கருகாம பாத்துக்குங்க."

"ஐயோ, மேட்ச்?"

"காவக்காரர் மேட்சுக்குப் போனா பக்கத்து வீட்டு நாய்க்குத்தான் விருந்து. வேணும்னா போங்க. அந்த அர்த்தமெல்லாம் நீங்க விட்ட கதைன்னு பாதிரியார்கிட்ட நானே சொல்லிடறேன்."

"அடிப்பாவி! கதையில்லடி, அகராதி!"

"அப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"அம்பயர் இல்லாம ஆட்டம் எப்படி நடக்கும்?"

கதவருகே திரும்பினாள். என் வெள்ளைக் கோட்டு அவள் உடம்பில்.

"கவலைப்படாதீங்க. எனக்கும் விரல் இருக்கு."

ஜன்னல் வழியே கைதட்டல் வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒருநாளும் அப்படித் தட்டியதில்லை. கிண்ணத்து மாவு மட்டும் என்னைப் பார்த்து மரியாதையாக எழுந்தது.

அதன்பின் எழுபது வயதுவரை மேவிஸ்தான் எங்கள் ஊர் அம்பயர். அவள் கோட்டை வெளுத்தவன் நான். சனிக்கிழமைகளில் ரொட்டி மாவு பிசைந்தவனும் நான்தான்.