ஏலக்காய்க்கும் மூச்சு வேணுமுங்க

நன்கொடை கேட்க வந்தவர்களைத் திட்டி அனுப்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். டீ கொடுத்து, உட்கார வைத்து, மரியாதையாகப் பேசியே தலைதெறிக்க ஓடவைத்தவர் இந்த வளைகுடாவிலேயே ஒருவர்தான். துபாய் தேராவில் நான் கணக்கு பார்த்த மசாலா கம்பெனியின் மேனேஜர் அவர். பெயர் இருந்தது. ஆனால் நாங்கள் எல்லாரும் அவரை ‘ஏனுங்க’ என்றுதான் சொல்வோம்.

அவர் ஒரு யூதர். குடும்பம் கொச்சியைச் சேர்ந்தது. அப்பாவுக்குக் கோயம்புத்தூர் மில்லில் வேலை என்பதால் இவர் வளர்ந்ததெல்லாம் சிங்காநல்லூரில். வாயைத் திறந்தால் சுத்தமான கொங்குத் தமிழ். யாரைக் கூப்பிட்டாலும் ‘ஏனுங்க’தான். ஆனால் நன்கொடை கேட்டு வந்தவர்களிடம் மட்டும் அந்த வார்த்தையை நிஜமான அர்த்தத்தில் கேட்பார்.

எங்கள் சேல்ஸ் மேனேஜர் செய்யது பாய் கீழக்கரைக்காரர். ஒருமுறை ஊர் நூலகத்துக்காக இவரிடம் போனார். எதற்கு நூலகம் என்று கேட்டிருக்கிறார். பிள்ளைகள் படிக்க என்றார் பாய். உங்கள் பிள்ளைகள் கடைசியாக என்ன படித்தார்கள் என்று அடுத்த கேள்வி. பாய் அன்று வீட்டுக்குப் போய் பிள்ளைகளிடம் விசாரித்திருக்கிறார். மறுநாள் ஆபீசுக்கு வந்தவர் வசூலை மறந்துவிட்டு, பிள்ளைகளின் போன்களைப் பிடுங்கி வைத்த கதையைத்தான் சொன்னார்.

இன்னொருவர் ஊர் எல்லையில் அலங்கார வளைவு கட்டப் பணம் கேட்டு வந்தார். அதன் வழியாக யார் வருவார்கள், வருகிறவர்களுக்கு அது ஊர் என்று தெரியாதா என்றெல்லாம் ஏனுங்க விசாரித்ததில், அந்த மனிதர் மனம் மாறி வளைவுக்குப் பதில் கழிப்பறை கட்டுவதாகச் சொன்னார். உடனே, “ஏனுங்க, கழிப்பறை எதுக்குங்க?” என்றார் இவர். வந்தவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிடுவார். அவர்கள் மார்க்கத்தில் அதைத் தானம் என்று சொல்வதில்லையாம். அந்தச் சொல்லுக்கு நியாயம் என்றுதான் அர்த்தமாம். ஒதுக்கிய பணம் அவருடையதே இல்லை, ஆனால் யாருடையது என்றுதான் தெரியவில்லை என்பார். “கேக்கறவங்களுக்கெல்லாம் குடுத்தா, அவுங்க மனசுல இருக்கறதுக்குத்தானுங்க நான் குடுக்கறேன். என் மனசுல என்ன இருக்குன்னு முதல்ல எனக்குத் தெரியோணுமில்லீங்க?”

அதைக் கண்டுபிடிக்க அவருடைய சமூகத்தினர் சிலர் துபாயில் யார் வீட்டிலாவது கூடுவார்கள். அங்கே ஒருநாள் கருணை, கல்வி, நன்றி, உண்மை என்று ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்து, உங்களுக்கு உயிரானவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், அதை வைத்து யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யுங்கள் என்றார்களாம். மற்றவர்கள் அங்கேயே எடுத்துவிட்டார்கள். இவர் மட்டும், வாழ்ந்து பார்க்காமல் எப்படி எடுப்பது என்று அட்டைக்கட்டை அப்படியே வாங்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். வாரத்துக்கு ஓர் அட்டையாக வாழ்ந்து பார்ப்பதாம். பிடித்தது சனி எங்களுக்கு.

நன்றி வாரத்தில் லிப்ட் கதவு திறந்தால் லிப்டுக்கு நன்றி சொன்னார். விருந்தோம்பல் வாரத்தில் கூரியர் கொண்டுவந்த பையன்களையெல்லாம் பிடித்து உட்காரவைத்துச் சோறு போட்டதில், தேராவில் பாதிப் பேருக்குப் பார்சல் போய்ச் சேரவில்லை. அடக்கம் என்ற அட்டையை எடுத்த அன்று, தான் எவ்வளவு அடக்கமானவன் என்று மாலைவரை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மை வாரம்தான் மோசம். ஜெத்தாவின் ஷரஃபியா கடைத்தெருவிலிருந்து எங்கள் பெரிய வாடிக்கையாளர் போன் செய்தார். ஏலக்காய் எப்படி என்று சம்பிரதாயமாகக் கேட்டார். போன வருஷத்துச் சரக்கு, வாசனை கொஞ்சம் போய்விட்டது என்று ஏனுங்க பதில் சொன்னார். பக்கத்தில் இருந்த செய்யது பாய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அந்த வாடிக்கையாளர், அப்படியானால் மிளகு அனுப்புங்கள் என்றார். பாய்க்கு மட்டும் அன்று காய்ச்சல்.

அந்தச் சமயத்தில்தான் துபாயை மூழ்கடித்த அந்தப் பெருமழை வந்தது. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அதிராம்பட்டினத்து ஹாஜா பாயின் தையல் கடை. கடைக்குள் இடுப்பளவு தண்ணீர். மெஷின்கள் அத்தனையும் போயின. கட்டடத்தில் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கவரைச் செய்யது பாயிடம் கொடுத்து அனுப்பினோம். ஹாஜா பாய் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நலம் விசாரித்து, கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நனைந்தது மெஷின்தான், கை இல்லை என்று சொன்னாராம். ஆனால் கடை வாடகை கட்ட வழியில்லாமல் அவர் ஊருக்கு டிக்கெட் பார்க்கிறார் என்று எங்களுக்கு வேறு வழியில் தெரிந்தது.

செய்யது பாய்க்கு ஏக வருத்தம். ஏனுங்க மட்டும் அதைக் கேட்டதிலிருந்து ஒருமாதிரி மலர்ச்சியாக இருந்தார். மறுநாள் என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கீழே கிளம்பினார். கொடுப்பதில் பல படிகள் உண்டு, வாங்குகிறவனைக் கூட்டாளியாக்கிக்கொள்வதுதான் உச்சிப்படி என்று யூதர்களின் பழைய பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறாராம். லிப்டில் அதைச் சொன்னார். ஆனால் போய் என்ன பேசுவது என்று மட்டும் யோசித்து வைக்கவில்லை.

“ஹாஜா பாய், நமக்குத் துணிப்பை வேணுமுங்க.”

“எதுக்கு சார்?”

உலகத்தையே ‘எதுக்கு’ என்று கேட்ட மனிதரை முதல்முறையாக ஒருவர் திருப்பிக் கேட்டுவிட்டார். ஏனுங்கவுக்கு முகம் வியர்த்துவிட்டது.

“ஏலக்காய் போடறதுக்குங்க.”

“அது பிளாஸ்டிக் கவர்லதானே போவுது?”

“ஏலக்காய்க்கும் மூச்சு வேணுமுங்க.”

அத்தனை வருஷம் ஏலக்காயோடு குடித்தனம் நடத்திய எனக்கே அது புதுச் செய்தி. ஹாஜா பாய் அவரையே பார்த்தார். பிறகு, மெஷின் இல்லையே என்றார். மெஷினைக் கம்பெனி வாங்கும், மாடியில் இடமில்லாததால் அது உங்கள் கடையில்தான் இருந்தாக வேண்டும், லாபத்தில் ஆளுக்குப் பாதி என்று ஏனுங்க மூச்சுவிடாமல் சொன்னார். பாதி அதிகம், கால் போதும் என்றார் ஹாஜா பாய். முக்கால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் இவர். இரண்டு பேரும் தோற்பதற்காகப் பேரம் பேசியதை நான் பார்த்தது அன்று மட்டும்தான். கடைசியில் பாதிக்கே ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பேருமே ஏமாந்துபோன முகத்தோடு.

மெஷினுக்கான பணம் அந்தப் பத்தில் ஒரு பங்கிலிருந்து போனது. பைகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. அல் கூஸில் இருந்த எங்கள் கிடங்கில் மூட்டைக்கு இடமில்லாதபடி பைகளை அடுக்கினோம். ஆபீசில் மதியச் சாப்பாடும் செய்யது பாயின் செருப்பும் பைக்குள்தான் இருந்தன. என் மனைவி துவரம்பருப்பைப் போட்டுவைத்து, இதுவும் மூச்சு விடுமா என்று கேட்டாள். வேறு வழியில்லாமல் ஷரஃபியாவுக்குப் புதுச் சரக்கைப் பையில் கட்டி அனுப்பினோம். ஜனங்கள் பைக்காகவே வாங்குகிறார்கள், இன்னும் அனுப்புங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. ஹாஜா பாய் இரண்டு ஆட்களை வேலைக்கு வைத்தார். டிக்கெட் பேச்சே அதன்பின் இல்லை.

கடைசியில் எந்த அட்டையை எடுத்தீர்கள் என்று ஒருநாள் ஏனுங்கவிடம் கேட்டேன்.

“எதுவும் அமையலீங்க. ஆனா ஹாஜா பாய் கவரைத் திருப்பிக் குடுத்தாருன்னு கேட்டப்போ உள்ளுக்குள்ள அத்தன சந்தோசமா இருந்துச்சு. அதைக் காப்பாத்தோணும்னு தோணுச்சு. அதுக்கு என்ன பேருங்க?”

“மானம்,” என்றேன்.

“அந்த அட்டை கட்டுலயே இல்லீங்க,” என்று சொல்லி, என்னிடம் பேனா வாங்கி ஒரு வெற்று அட்டையில் அதை எழுதிக்கொண்டார்.

போன வருஷம் ஓய்வுபெற்றுக் கோயம்புத்தூர் போய்விட்டார். விமான நிலையத்துக்கு நானும் ஹாஜா பாயும்தான் கொண்டுபோய் விட்டோம். திரும்பி வரும்போது நல்ல டிராபிக். தேரா வந்து சேரும்வரை, ரேடியோவைப் போட எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.